தங்கபுஷ்பம் பார்த்தார், காலை 6.10

ஜூன் 3, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்தாயிற்று. வக்கீல் சங்கத்தில் வருஷா வருஷம் தரும் இந்தத் தடிமனான கறுப்பு டைரியில் இனிமேல் வாய்தா தேதி எழுத வேண்டாமாம். எல்லாம் கம்ப்யூட்டரில். சீனியரின் மகள் பெங்களூரிலிருந்து வந்து நாலு நாள் உட்கார்ந்து, ஆபீசில் உள்ள முந்நூற்று எண்பது வழக்கையும் என்னை ஏற்ற வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். நாங்கள் 'பலகை' என்கிறோம்.

ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம். அதில் அந்த வழக்கின் எல்லாத் தாள்களும். செய்ய வேண்டிய வேலை ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. சீட்டை வலது பக்கம் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கட்சிக்காரரும் தன் போனிலிருந்தே தன் வழக்கைப் பார்க்கலாம். யார் எந்தத் தாளை எத்தனை மணிக்குத் திறந்தார் என்று ஓரத்தில் தானாக எழுதிக்கொண்டே வரும். அதை அழிக்க முடியாது. அழிக்கப் போனால், போனவர் பெயரும் சேர்ந்து ஏறும்.

"செவத்துல பல்லி இருந்து பாத்துக்கிட்டே இருக்க மாதிரில்லா இருக்கு," என்றார் குமாஸ்தா தளவாய் அண்ணாச்சி. எங்கள் சீனியர் கோமதிநாயகம் ஐயாவிடம் முப்பது வருஷமாக இருப்பவர்.

எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், இந்தச் சனியன் வாய்தாவுக்கு மாதமும் கேட்கிறது. நாங்கள் வழக்குக் கட்டின் மேலட்டையில் '12' என்றோ '19' என்றோ தேதியை மட்டும்தான் போடுவோம். எந்த மாதம் என்பது கட்டைத் தொட்டாலே கைக்குத் தெரியும். முந்நூற்று எண்பது கட்டுக்கும் மாதம் யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

டைரி வீணாகப் போகிறதே என்று நானே இதில் எழுதப் போகிறேன். சண்முகவடிவு, வயது முப்பத்தொன்று, பாளையங்கோட்டை. கோமதிநாயகம் ஐயா ஆபீசின் மூத்த ஜூனியர். வேறு ஜூனியர் கிடையாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஜூன் 6, வியாழன்

சுத்தமல்லி தங்கபுஷ்பம் வந்திருந்தார், மகள் லிங்கேஸ்வரியோடு. தாய் பீடி சுற்றுகிறவர். மகள் ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். வழக்கு வீட்டைப் பற்றியது. கணவர் கட்டிய சின்ன வீடு. அவர் போனதும், கொழுந்தன் மகன் துரைப்பழம் ஒரு பத்திரத்தைக் காட்டி வீடு என்னுடையது என்கிறான். பத்திரம் பொய் என்று போன வருஷம் நாங்கள் வழக்குப் போட்டு, வழக்கு முடியும்வரை அவன் உள்ளே நுழையக் கூடாது என்று தடையும் வாங்கினோம். அந்தத் தடை இருப்பதால்தான் தாயும் மகளும் அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

அவர்கள் போனில் பலகையைப் போட்டுக் கொடுத்தேன்.

"வக்கீலம்மா, வாய்தா வந்தா இதுல மணி அடிக்குமா?"

"மணி அடிக்காது. எழுத்து வரும்."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இவ சொல்லுவா. காலம்பற பீடித்தட்ட மடியில வைக்கதுக்கு முன்ன ஒருக்க பாத்துக்கிடுவோம்."

அடுத்த வாய்தா ஜூலை 12 என்று அதில் காட்டியது. மகள் அதை உரக்க வாசித்தாள், தாய் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு தளவாய் அண்ணாச்சி கட்டில் உள்ள தாள்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏற்றினார். கடைசியில், கோர்ட் மனு அடிக்கும் பச்சைத்தாள் நாலு. வக்காலத்துப் போட்ட அன்றே, அடியில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்தவை. மேலே வெறும் தாள். எல்லா ஆபீசிலும் உள்ள வழக்கம்தான். அவசரத்துக்குக் கட்சிக்காரரைத் தேடி ஓட வேண்டாம், மேலே டைப் அடித்துக்கொள்ளலாம். "இதையும் ஏத்தவா?" என்றார். "எல்லாத்தையும் ஏத்துங்க அண்ணாச்சி," என்றேன்.

ஜூன் 12, புதன்

ஏழு வழக்கு. எல்லாம் வாய்தா. மழை தூறியது, கறுப்புக் கோட்டில் ஈர நாற்றம். வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

பலகை மாதம் ஒரு தடவை கோர்ட் இணையதளத்தைத் தானாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும். இன்று காலையில் தங்கபுஷ்பம் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி: 'வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. 12.06.'

அது ஜூன் 12. நான் ஜூலை என்று போட்டிருந்தேன். கட்டு மேலட்டையில் வெறும் '12'. கட்டைத் தொட்டால் கைக்குத் தெரியும் என்று பீற்றிக்கொண்டேனே, நல்ல கூத்து.

வழக்குப் போனால் தடையும் போச்சு. துரைப்பழம் நாளைக்கே பூட்டைத் தூக்கிக்கொண்டு வரலாம். வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போட முப்பது நாள் உண்டு, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மனுவோடு கட்சிக்காரரின் பிரமாண வாக்குமூலம் வேண்டும், அன்று ஏன் வரவில்லை என்று. 'என் வக்கீல் மாதத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்' என்று உலகத்தில் எந்த வக்கீலும் எழுதியது இல்லை. கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலை என்று எழுதுவோம். எல்லாருக்கும் காமாலைதான். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். காமாலைக்கு நாட்டு மருந்து, பத்தியம், சீட்டு கிடையாது. பலகையில் அதற்கு ஒரு மாதிரிப் படிவமே இருக்கிறது. நான்தான் ஏற்றினேன்.

தங்கபுஷ்பத்தின் போனுக்கு அடித்தேன். நாலு நிமிஷம். பிறகு முகம் கழுவினேன்.

"கெடச்சாகளா?" என்றார் அண்ணாச்சி. போன் எடுக்கவில்லை என்று சொன்னேன். "அதான் கட்டுல பச்சைத்தாள் கெடக்கே," என்றார் அவராகவே.

ஐயாவிடம் சொல்லவில்லை. தள்ளுபடி ஆன செய்தி கட்சிக்காரர் போனுக்குத் தானாகப் போகும். அதை நிறுத்தி வைத்தேன். ஹாஸ்டலுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தேன். செவ்வாய்க்கிழமை பெண்கள் தலைக்குக் குளிப்பதில் ஒன்றும் அதிசயம் இல்லை.

ஜூலை 10, புதன்

மனுத் தாக்கல் செய்தாயிற்று. நாலு பச்சைத்தாளில் ஒன்று போனது. படிவம் இப்படி முடியும்: 'மேற்படி தேதியில் நான் மஞ்சள் காமாலையால் பீடிக்கப்பட்டுப் படுத்த படுக்கையாக இருந்தேன். தற்போது பூரண குணமடைந்து இம்மனுவைத் தாக்கல் செய்கிறேன்.' அதற்குக் கீழே தங்கபுஷ்பத்தின் கோணல்மாணல் கையெழுத்து. அதற்கும் கீழே, 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்று என் கையெழுத்தும் முத்திரையும், இன்றைய தேதியும். வக்காலத்தில் ஐயா பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதனால் அந்த வழக்கின் வக்கீல் அல்லாதவள் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்து நான் போடலாம், தப்பில்லை.

'கட்சிக்காரர் கையொப்பம்' என்று ஒரு சீட்டு இருந்தது. வலது பக்கம் இழுத்துவிட்டேன்.

மெஸ்ஸில் சேமியா. பாதியில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

காலையில் பலகையைத் திறந்தேன். ஓரத்தில்: 'தங்கபுஷ்பம் பார்த்தார், காலை 6.10.'

திறந்த தாள்: நேற்றைய வாக்குமூலம். தாக்கல் ஆன தாள் எல்லாம் கட்சிக்காரர் பக்கத்துக்குத் தானாகப் போய்விடும் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

ஜூலை 12, வெள்ளி

தங்கபுஷ்பம் பார்த்தார், காலை 6.10. அதே தாள்.

ஜூலை 15, திங்கள்

சனி, ஞாயிறுகூட விடவில்லை. 6.10, 6.10, 6.10. போனை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், அது எனக்குத் தெரியாதா. புத்திக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பெயரைக் காலையில் கண் முழித்ததும் பார்க்கும்போது முதுகுத் தண்டில் பச்சைத்தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கிறது.

மனுவுக்கு எண் கொடுத்துவிட்டார்கள். துரைப்பழத்துக்கு நோட்டீஸ். வாய்தா ஆகஸ்ட் 14. இந்தத் தடவை மாதத்தை மூன்று முறை பார்த்தேன்.

ஜூலை 18, வியாழன்

வேறொரு வழக்குக்கு இதே மாதிரி மனு. 'மஞ்சள்' வரை டைப் அடித்தேன், அதற்கு மேல் விரல் ஓடவில்லை. டைபாய்டு என்று மாற்றினேன். பிறகு மனசு கேட்காமல் அந்தக் கட்சிக்காரருக்குப் போன் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கல்லு மாதிரி இருக்கேன் மேடம். ஏன் கேக்கிய?"

சும்மாதான் என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

இன்று நானே காலை 6.05-க்கு எழுந்து பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 6.10-க்கு அந்த வரி என் கண் முன்னாலேயே வந்து விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கிற அதே தாளை, அதே நேரத்தில், அங்கேயிருந்தும் பார்க்கிறார்கள். மூன்று நிமிஷம். எனக்கு மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது, அங்கே கேட்டுவிடுமோ என்று. பைத்தியக்காரி.

ஜூலை 22, திங்கள்

தங்கபுஷ்பம் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருக்கிறது. தங்கபுஷ்பம் என்று பெயர் போட்டு:

'அக்கா நான் லிங்கேஸ்வரி. அம்மாவுக்கு இன்னைக்கு பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்கு காமாலைன்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்? ஆசுபத்திரியில கடைசி நாள்தான் எங்களுக்கே சொன்னாங்க. நாங்க யார்ட்டயும் சொல்லலியே.'

தளவாய் அண்ணாச்சியும் அதை வாசித்தார். தன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"செத்துட்டாகளா? எப்ப?"

"ஏழாம் தேதியாம். ஞாயிற்றுக்கிழமை. எனக்கே இப்பதான் தெரியும் அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து டீ வாங்கப் போனார்.

ஏழாம் தேதி இறந்தவர் பத்தாம் தேதி பூரண குணமடைந்து என் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் காமாலையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. நான் ஒரு படிவத்தை அடித்தேன், அவ்வளவுதான். அவர் படுத்தது அதற்கு முன்னால். அதற்கு முன்னால்தான். இதை எத்தனை தடவை எழுதினாலும் நெஞ்சு ஆற மாட்டேன் என்கிறது.

பதில் போடவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

6.10. நான் இப்போதெல்லாம் பார்க்காமலே இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

அம்மா சங்கரன்கோவிலிலிருந்து போன். ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஏன் வரவில்லை என்று சண்டை. கோயிலுக்குப் போய்க் கும்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது. கேஸ் ஜாஸ்தி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

துரைப்பழத்தின் வக்கீல் பதில் மனுவைக் கொடுத்துவிட்டார். இரண்டே பக்கம், கூட இறப்புச் சான்றிதழ் ஒன்று. துரைப்பழம் தங்கபுஷ்பத்துக்குச் சொந்தக் கொழுந்தன் மகன். பாடைக்குத் தோள் கொடுத்தவனே அவன்தான். அது என் புத்தியில் உறைக்கவே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடுமா?

'இறந்தவர் பெயரில் போலி வாக்குமூலம். மனுவைத் தள்ளுபடி செய்து, சம்பந்தப்பட்டவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.'

ஐயா என்னை உள்ளே கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வடிவு, ஒனக்கு எத்தன வருஷ சர்வீசு?"

"ஏழு வருஷம் ஐயா."

"பார் கவுன்சிலுக்குப் போச்சுன்னா, வக்கீல் தொழில் பண்ணுத சன்னத எடுத்துருவான். ஏழு வருஷமும் தண்ணில போச்சு. ஆபீசு பேரும் நாறிப் போகும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மக இருக்கால்லா? அவதான் கையெழுத்துப் போட்ட தாளக் கொண்டாந்து, எங்க அம்மா போட்டதுன்னு சொல்லித் தந்தா. நீ நம்பிட்ட. இப்படி ஒண்ணு எழுதிக் குடுத்துரு. சின்னப் பிள்ள, கோர்ட்டு அவள ஒண்ணும் செய்யாது."

"வீடு போயிருமே ஐயா. போலியா தாள் குடுத்தவன்னு ஆயிட்டா, அப்புறம் அவ எந்த மனுப் போட்டாலும் எவன் கேப்பான்?"

"வீட்ட அவ பாத்துக்கிடுவா. நீ ஒன்னப் பாரு. நீ எனக்குப் பிள்ள மாதிரில்லா."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேன், அதை இந்த டைரியில் எழுதாமல் விட்டால் மட்டும் ஆட்டவில்லை என்று ஆகிவிடாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஐயா சொன்னபடி ஒரு வாக்குமூலம் டைப் அடித்தேன். லிங்கேஸ்வரி என்ற பெயர் ஆறு இடத்தில் வருகிறது.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். "நான் அன்னைக்கு அந்தப் பச்சைத்தாள ஏத்துனம்லா? வெறும் தாளு, கையெழுத்தோட, நாலு. ஜூன் ஆறாந்தேதி, என் பேருல. பல்லி பாத்திருக்கு." குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டும். முப்பது வருஷமா நான்தான் இந்த வெறுந்தாள்ல கையெழுத்து வாங்குதேன். நாளைக்கு என் மகள்ட்ட ஒருத்தன் இப்படிச் செஞ்சா, நான் அவன் சங்கக் கடிச்சிருவேன் வடிவு."

டைப் அடித்ததைச் சேமிக்காமல் மூடினேன். மூடியதும் ஓரத்தில் ஏறியிருக்கும். ஏறட்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சுத்தமல்லிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்ததும், "பீடிக்காரம்மா வீடா? அவுக போயிட்டாகளே," என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். தெரியும் என்று மூன்று பேரிடமும் சொன்னேன்.

ஒரு முன்னறை, ஒரு அடுப்படி. அவ்வளவுதான் வீடு. இதற்குத்தான் இவ்வளவும். பீடித்தட்டு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. லிங்கேஸ்வரி எனக்குப் பாய் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தாள். கடை லீவு. முகம் பாதியாகியிருந்தது.

"துரைப்பழம் அண்ணன் வந்துட்டுப் போச்சு. ஆடி முடிஞ்சதும் வீட்டக் காலி பண்ணிருன்னு சொல்லுது. தடையெல்லாம் போயிட்டாம். நெசமாக்கா? நான் தெனமும் போன்ல பாக்கேன், அப்படி ஒண்ணும் வரலியே."

"நான்தான் அத வரவிடாம நிறுத்தி வச்சேன்," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜூனை ஜூலையாகப் போட்டதை, வழக்குத் தள்ளுபடி ஆனதை, வெறும் தாளில் டைப் அடித்ததை. காமாலை யாரும் சொல்லித் தெரிந்ததில்லை, எல்லாருக்கும் எழுதுகிற பொய் என்பதை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த டைரியிலும் இனி மறைத்து என்ன. ஜூலை 9-ஆம் தேதி அவள் போனை எடுத்தாள். "அம்மா முந்தாநாத்து தவறிட்டாக்கா," என்றாள். நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் அழுதாள். அந்த அழுகையைக் காதில் வைத்துக்கொண்டே நான் மடியில் கட்டைப் புரட்டிப் பச்சைத்தாளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளையே வாரிசாகக் காட்டி, அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் போதும். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் வழக்கு எப்படிப் போனது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்து, செத்தவரைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

லிங்கேஸ்வரி தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆத்திரப்பட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே கேட்டிருந்தா வந்திருப்பனே. தீட்டோட வந்து வாசல்ல நின்னாவது கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு வார்த்த கேக்கலியே நீங்க."

"கேக்கல."

"அந்தத் தாள எடுத்துருவியளா?"

"கோர்ட்டுல வாபஸ் வாங்கணும். ஏம்மா?"

"கடைசி மூணு நாளு அம்மா பேசவே இல்ல. கண்ணெல்லாம் மஞ்சளாயிட்டு. அந்தத் தாள்ல 'தற்போது பூரண குணமடைந்து'ன்னு இருக்குல்லா, கீழ அம்மா கையெழுத்தும் இருக்கு. காலம்பற எந்திச்சதும் அத ஒருக்க வாசிச்சுக்கிடுவேன். அம்மா எங்கயோ இருந்து, நல்லாயிட்டேன் நீ கவலப்படாதன்னு எழுதி அனுப்புன மாதிரி இருக்கும். அதுக்கப்புறந்தான் எனக்கு வேலைக்குப் போக கால் வரும்."

ஒரு மாதமாகக் காலை 6.10-க்கு என்னைப் பிடித்து ஆட்டினது அதுதான். என் பொய்யை ஒருத்தி சாமி படம் மாதிரி தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை, எழுந்து போய் டீ போட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஐயாவிடம் சொன்னேன்: தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறேன், முப்பது நாள் தாண்டினதைப் பொறுக்கச் சொல்லி, லிங்கேஸ்வரி பெயரில் புது மனு போட வேண்டும் என்று.

"தன் தலையில தானே மண்ண வாரிப் போடுத. போடு. ஆனா என் ஆபீசுல இருந்துக்கிட்டுப் போடாத." வக்காலத்தை விட்டு விலகிக்கொள்ளும் மனுவில் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பலகையில் என் பெயரையும் நீக்கச் சொல்லிவிட்டார். அண்ணாச்சிதான் நீக்கினார். நீக்குவதற்கு முன்னால் அந்த வழக்கின் வரலாறு முழுவதையும் பிரிண்ட் எடுத்து, மடித்து என் பையில் வைத்தார். பதினொரு பக்கம். ஜூன் 6-இலிருந்து யார் யார் என்ன செய்தோம் என்று ஒன்றுவிடாமல் இருக்கிறது.

மத்தியானம் லிங்கேஸ்வரி கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். கோர்ட் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனுவை அடித்தோம். நோட்டரி வந்ததும் பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "மொதல்ல வாசிக்கேன்," என்று மூன்று பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் கையெழுத்துக்கு முன் முழுதும் வாசித்த கட்சிக்காரரை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பதினொன்றே முக்காலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். லிங்கேஸ்வரி பின்வரிசையில் நின்றாள், கடைச் சீருடையோடு.

துரைப்பழத்தின் வக்கீல் எழுந்தார். நல்ல பேச்சுக்காரர். அந்த வாக்குமூலத்தைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, மனுதாரர் ஏழாம் தேதி இறந்திருக்காங்க. பத்தாம் தேதி, 'தற்போது பூரண குணமடைந்து' கையெழுத்துப் போட்டிருக்காங்க. செத்த பிறகு இவ்வளவு சீக்கிரம் குணமானவங்கள நான் இப்பதான் பாக்கேன்."

முன்வரிசையில் இருந்த வக்கீல்கள் எல்லாரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட்கூடச் சிரித்தார். வேறொரு வழக்காக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன், எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். லிங்கேஸ்வரி இரண்டு கையாலும் தன் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யார் சாட்சிக் கையெழுத்து?" என்றார் நீதிபதி.

"நான்தான்."

"அவங்க உங்க முன்னால கையெழுத்துப் போட்டாங்களா?"

"இல்ல. வெறும் தாள்ல ஒரு வருஷத்துக்கு முன்ன வாங்கினது. அவங்க இறந்தது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். மகளுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல, அவங்களுக்குத் தெரியவே தெரியாது." அண்ணாச்சி எடுத்துத் தந்த பதினொரு பக்கத்தையும் கொடுத்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி வெகுநேரம் அந்தத் தாள்களைப் புரட்டினார். பிறகு லிங்கேஸ்வரியின் புது மனுவை எடுத்தார். தாய் மஞ்சள் காமாலையால் இறந்தார் என்ற இடத்தில் விரலை வைத்து, என்னைப் பார்த்தார்.

"இதாவது உண்மையா?"

"இது உண்மைதான். நான் எழுதினதுதான் பொய்."

பழைய மனு தள்ளுபடி. மகள் மனுவைக் கோப்பில் எடுத்து, எதிர்தரப்புக்கு நோட்டீஸ். அது முடியும்வரை வீடு இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்க வேண்டும், துரைப்பழம் நுழையக் கூடாது. என் விஷயம் பார் கவுன்சிலுக்கு. வாய்தா ஆகஸ்ட் 28.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். வேப்பமரத்தடியில் நின்றதும் லிங்கேஸ்வரி போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள்.

"இனிமே அந்தத் தாளத் தெறக்க முடியாதுக்கா. தெறந்தா அவங்க சிரிச்ச சத்தந்தான் கேக்கும்."

நான் நிழலில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றேன்.

"ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க."

"நெனைக்கல."

"ஆனா இருவத்தெட்டாம் தேதி நீங்கதான் வரணும்."

"சன்னது இருக்கிறவரைக்கும் வரலாம். ஆனா என்னை நம்பாத லிங்கேஸ்வரி. நல்ல வக்கீலா ஒருத்தர்ட்டச் சேத்துவிடுதேன். நானே கூட வந்து எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுதேன்."

"வேண்டாம்." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேற வக்கீல்னா அம்மா செத்தத முதல்லேர்ந்து சொல்லணும்லா. ஒரு தடவ போன்ல ஒங்கள்ட்டச் சொன்னேன். இன்னொரு ஆள்ட்டச் சொல்ல என்னால ஆகாதுக்கா."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். சுத்தமல்லிப் பக்கம் அது திரும்பி மறையும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.